கண்ணுக்குள் காற்றோடு மலை ஏறினேன்

முதலில் அதை நூல் என்றுதான் நினைத்தேன். பாடசாலைச் சீருடைக்கு வெள்ளைத் துணி வெட்டிக்கொண்டிருந்தேன். துணியின் மேல் ஒரு கறுப்பு நூல் கிடந்தது. விரலால் எடுத்தேன், வரவில்லை. தட்டினேன், போகவில்லை. துணியை உதறினால் நூல் துணியோடு போகாமல் என்னோடு வந்தது. சுவரைப் பார்த்தால் சுவரில் இருந்தது, அடுப்பைப் பார்த்தால் அடுப்பில் இருந்தது. இல்லாத நூலை இரண்டு நாளாகப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் செல்வராஜ் அதைப் பார்த்துவிட்டு, "என்னா மணி, கொசு புடிக்கிறியா?" என்று கேட்டார்.

என் பெயர் ஜெபமணி. மாத்தளை டவுனைத் தாண்டி அலுவிகாரையில், மெயின் ரோட்டோரமாக எங்கள் வீடு. முன் அறையில் தையல் மெஷின், பின்னால் நாங்கள் இருவர். மகளை நீர்கொழும்பில் கட்டிக்கொடுத்துவிட்டோம். சின்ன வயதிலிருந்தே என் இடது கண் மங்கல். வளரும் காலத்தில் மூளை அந்தக் கண்ணைப் பழக்கிக்கொள்ளாமல் விட்டுவிட்டதாம், கண்ணாடி போட்டாலும் திருந்தாதாம். ஊசியில் நூல் கோப்பது, பஸ்ஸின் பெயர்ப்பலகை வாசிப்பது, மனிதரின் முகம் பார்ப்பது எல்லாம் வலது கண்தான். நூல் விழுந்தது அந்த வலது கண்ணில்.

நான் ஓரிடத்தில் நிற்கத் தெரியாதவள். ஒரு காலால் மெஷினை மிதித்துக்கொண்டே மறு காலால் கதவைத் தள்ளிச் சாத்துவேன். ஜெபமும் அப்படித்தான். விடியுமுன் எழும்பி, உலை வைத்து, அரிசி களைந்துகொண்டே ஆண்டவரிடம் பேசுவேன். பேசுவேன் என்றா சொன்னேன்? கடைக்காரரிடம் சாமான் சொல்வது மாதிரி சொல்லுவேன். இது வேண்டும், அது வேண்டும், இன்னாருக்குச் சுகம் வேண்டும், ஆமென். அரிசி உலையில் விழும்போது ஜெபமும் முடிந்திருக்கும். இருபது வருடமாக ஒரு நாள் தவறாமல் செய்துவந்ததில் எனக்கு உள்ளுக்குள் பெருமைகூட இருந்தது.

செல்வராஜ் வேதக்காரர் இல்லை. டவுனில் ஹாட்வெயார் கடையில் வேலை. வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோயிலுக்குப் போய்விட்டு வந்துதான் சாப்பிடுவார். நான் ஞாயிற்றுக்கிழமை சபைக்குப் போகும்போது வீட்டைப் பூட்டாமல் எனக்காகச் சோறு வடித்து வைத்திருப்பார். கல்யாணமான நாளிலிருந்து இரண்டு பேரும் அவரவர் வழியில் போய், ஒரே சட்டியில் சாப்பிட்டு வருகிறோம்.

கறுப்பு நூலோடு மூன்றாம் நாள் மின்னலும் வந்தது. கண்ணை மூடினாலும் ஓரத்தில் பளிச் பளிச் என்று வெட்டியது. அன்று புதன்கிழமை. எங்கள் பெண்கள் ஜெபத்தை நடத்துகிற எஸ்தர் அக்கா என் நெற்றியில் எண்ணெய் போட்டு ஜெபித்தார். ஓய்வு பெற்ற டீச்சர், குரல் கணீரென்று இருக்கும். அவர் ஜெபித்தால் கூரைத் தகரம் நடுங்கும் என்று நாங்கள் கேலியாகச் சொல்வோம். எனக்கும் ஆறுதலாகத்தான் இருந்தது. ஆனால் மறுநாள் காலையில் மூக்குப் பக்கத்திலிருந்து யாரோ கறுப்புத் துணியை இழுத்து மூடுவது போல பார்வை மறைய ஆரம்பித்தது. அரிசியைப் பார்க்கிறேன், பாதிச் சுளகைக் காணோம். அப்போதுதான் கத்தினேன்.

மாத்தளையில் பார்த்த டொக்டர் அன்றே கண்டிக்கு அனுப்பினார். அங்கே கண் பிரிவுக்கு வெளியே, உட்காரும் வாங்கு நிறைய ஆட்கள். கண்மணியை விரிக்கும் மருந்தை ஊற்றி, கண்ணை மூடிக்கொண்டிருக்கச் சொல்லியிருந்தார்கள். வரிசையாக எல்லோரும் தலை குனிந்து, கண் மூடி, வாய் பேசாமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, ஏதோ ஜெபக்கூட்டத்துக்கு வந்துவிட்டோம் என்றே நினைத்தேன். எனக்கு உட்கார முடியவில்லை. எழும்பி நடந்தேன், தண்ணீர் குடித்தேன், திரும்ப நடந்தேன். அங்கிருந்த மிஸ்ஸி, தாதிகளை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம், சிங்களத்தில் "வாடிவென்ன அம்மே" என்று இரண்டு தரம் உட்காரச் சொன்னார். மூன்றாம் தரம் செல்வராஜின் பக்கம் திரும்பி, இந்த அம்மாவைப் பிடித்துக் கட்டுங்கள் என்றார்.

டொக்டர் பொறுமையாக விளக்கினார். கண்ணின் பின்சுவரில் மெல்லிய படலம் ஒன்று ஒட்டியிருக்கிறது. அதன் பெயர் விழித்திரை. அதில் விழுகிற வெளிச்சத்தைத்தான் நாம் பார்வை என்கிறோம். என் விழித்திரை ஓரிடத்தில் கிழிந்து, கிழிசல் வழியாக நீர் புகுந்து, சுவரிலிருந்து உரிந்துகொண்டு வருகிறது. நடுப்பகுதியும் உரிந்துவிட்டால் பிறகு ஒட்டினாலும் முழுப் பார்வை கிடைக்காது. கண்ணுக்குள் இருக்கும் பசை போன்ற பொருளை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு வாயுவை நிரப்புவார்கள். காற்றுக்குமிழி மாதிரி அது மேல்நோக்கி மிதக்கும். நான் குப்புறப் படுத்தால் கண்ணின் பின்பக்கம்தான் மேல்பக்கம் ஆகும். குமிழி அங்கே போய்ப் படலத்தைச் சுவரோடு அழுத்திப் பிடிக்கும். கொலருக்குள் கன்வஸ் வைத்து, ஒட்டும்வரை இஸ்திரிப் பெட்டியை அசையாமல் வைத்திருப்போம் அல்லவா, அதேதான். எனக்கு உடனே விளங்கிவிட்டது. விளங்கியதும் பயமும் வந்தது, ஏனென்றால் கொலர் ஒட்டும்போதே பெட்டியை அசைத்துக் கெடுக்கிறவள் நான்.

"குப்புறன்னா எவ்வளவு நேரம் டொக்டர்?"

"சாப்பாட்டுக்கும் பாத்ரூமுக்கும் எழும்பலாம். மத்த நேரம் எல்லாம்."

"எத்தன நாளைக்கு?"

"ஒரு கிழமைக்கு மேல. அம்மா, இது உங்க நல்ல கண்ணு. நான் செய்றது பாதி வேல, மத்த பாதி நீங்கதான் செய்யணும்."

தள்ளுவண்டியில் படுத்திருந்தபோதுதான் பொருத்தனை பண்ணினேன். மாதத்தில் ஒரு சனிக்கிழமை எங்கள் பெண்கள் குழு இரத்தோட்டை தாண்டி, றிவஸ்டன் பக்கம் ஒரு புல்வெளிக்குப் போய் உபவாசமிருந்து ஜெபிப்பது வழக்கம். மலை ஜெபம் என்போம். 'ஆண்டவரே, இந்தக் கண்ணைத் திருப்பித் தந்தால் அடுத்த மலை ஜெபத்துக்கு வந்து, உச்சியில் நின்று சாட்சி சொல்வேன்' என்று நேர்ந்தேன். அத்தோடு விட்டேனா? உள்ளே கொண்டுபோகுமுன் எஸ்தர் அக்காவுக்குப் போன் பண்ணி அதை அவரிடமும் சொல்லிவைத்தேன். ஆண்டவர் மறந்துவிடுவார் என்று பயந்தேனோ, நானே மறந்துவிடுவேன் என்று பயந்தேனோ தெரியாது.

சத்திர சிகிச்சையின்போது முழித்துத்தான் இருந்தேன். கண்ணை மட்டும் விறைக்கப் பண்ணினார்கள். டொக்டர்மார் ஏதோ கிரிக்கெட் மெச்சைப் பற்றிப் பேசிக்கொண்டே வேலை செய்தார்கள். கண்ணுக்குள் வெளிச்சமும் நிழலும் நீந்தின. வலி இல்லை. வலிக்காமல் இருந்ததே எனக்குப் பயமாக இருந்தது.

அதற்குப் பிறகு தரை. ஆஸ்பத்திரி வாட்டிலும் வீட்டிலும் நான் பார்த்ததெல்லாம் தரையும் பாதங்களும்தான், அதுவும் இடது கண்ணின் மங்கலில். ஆட்களைச் செருப்பை வைத்து அடையாளம் தெரிந்துகொண்டேன். மிஸ்ஸியின் வெள்ளைச் சப்பாத்து, பக்கத்துக் கட்டிலில் பல்லேபொல ஊரிலிருந்து வந்த அம்மாவின் வெடித்த குதிகால், தேத்தண்ணி கொண்டுவருகிறவரின் நீலச் செருப்பு. கழுத்து மரத்துப் போனது. மார்பு வலித்தது. மூக்கு ஒழுகியது. கால் மட்டும் தானாகவே மெஷின் மிதித்துக்கொண்டிருந்தது. முதல் ராத்திரி தலையணையைக் கடித்துக்கொண்டு அழுதேன். கண்ணுக்காகக்கூட இல்லை, அசையாமல் இருக்க வேண்டியதற்காக அழுதேன்.

மறுநாள் செல்வராஜ் ஒரு பையோடு வந்தார். உள்ளே திரீவீலர் டயரின் டியூப். காற்றடித்து, என் பழைய சேலையைக் கிழித்துச் சுற்றியிருந்தார். கட்டிலின் தலைமாட்டில் அதை வைத்து, நடு ஓட்டையில் என் முகத்தைப் பொருத்தினார். மூச்சு முட்டவில்லை, நெற்றி நோகவில்லை. அந்த வாட்டில் குப்புறப் படுத்திருந்த மற்றவர்களெல்லாம் என் டியூபைப் பார்த்துப் பொறாமைப்பட்டார்கள் என்றால் மிகையில்லை. மிஸ்ஸிகூட, இன்னொன்று செய்து தர முடியுமா என்று அவரிடம் கேட்டார்.

"வேற என்னா வேணும்?" என்று கேட்டார்.

"வேதம் வாசிக்க முடியாம இருக்குங்க. அதான் பைத்தியம் புடிக்குது."

அவர் டியூபில் சுற்றியிருந்த சேலையை இழுத்துச் சரிசெய்தார். பிறகு, "நான் வாசிச்சா ஒத்துக்குமா?" என்றார்.

அப்படித்தான் அது தொடங்கியது. தரையில் பாயைப் போட்டு உட்கார்ந்து, மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசிப்பார். கடையில் ஆணிப் பெட்டிக் கணக்கு வாசிக்கிற அதே குரல். ஏற்றமில்லை, இறக்கமில்லை. நான் சுகம், அற்புதம் வருகிற பக்கங்களாகச் சொல்லி வாசிக்கச் சொன்னேன். அவருக்கு அது பிடிக்கவில்லை.

"புத்தகம்னா மொதல்ல இருந்து வாசிக்கணும் மணி. நடுவுல நடுவுல புடுங்கி வாசிச்சா கத எப்பிடி விளங்கும்?"

கடைசியில் ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தோம். காலையில் அவர் முதல் பக்கத்திலிருந்து வரிசையாக வாசிப்பார். மாலையில் நான் ரிப்பன் வைத்திருந்த சங்கீதங்கள் என்ற ஜெபப் பாட்டுகளிலிருந்து, அதுவும் வரிசையாகத்தான். சங்கீதங்களில் எனக்குப் பிடித்தவை நாலைந்து உண்டு, மனப்பாடமாகத் தெரியும். மற்றவற்றை இருபது வருடமாக நைசாகத் தாண்டிப் போய்க்கொண்டிருந்திருக்கிறேன். ஒரு மாலை அவர் வாசித்ததில் ஒரு மனிதன் ராவும் பகலும் கூப்பிடுகிறான், கூட்டாளிகள் விட்டுவிட்டார்கள் என்கிறான், இருட்டு என்கிறான். அதோடு முடிந்துவிட்டது. செல்வராஜ் பக்கத்தைத் திருப்பும் சத்தம் கேட்டது. திரும்பவும் பழைய பக்கத்துக்கு வந்தார்.

"மிச்சத்தக் காணோமே மணி."

"அவ்வளவுதாங்க."

"அப்ப இந்தாளுக்குச் சாமி பதில் சொல்லவே இல்லியா?"

எத்தனை பேருக்கு எத்தனை தரம் ஆறுதல் சொல்லியிருப்பேன். டியூபுக்குள் முகத்தை வைத்துக்கொண்டு, "தெரியாதுங்க" என்றேன். அவர், "பாவம், ஆனாலும் விடாம பேசிருக்கான் பாரு" என்று சொல்லிவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்த வார்த்தையை எத்தனையோ நாள் மென்றுகொண்டிருந்தேன். பதில் வாங்கித் தருவதுதான் ஜெபம் என்று நான் நினைத்திருக்க, வேதத்தை முதல் தரம் கையில் எடுத்த மனிதர், கேட்டதற்குப் பதில் வராமலே பேசிக்கொண்டிருந்த ஒருவனைப் பார்த்துவிட்டார்.

அன்றிலிருந்து அவர் வாசித்து முடித்ததும் நான் ஒன்றும் கேட்காமல் சும்மா இருந்து பார்க்கத் தொடங்கினேன். சொல்வதுதான் சுலபம். கேட்காமல் இருந்தால் எனக்கு வாய் அரிக்கும். மகள், மழை, முடிக்காத சீருடைகள் என்று ஒவ்வொன்றாக வந்து வரிசையில் நிற்கும். விரட்டினால் போகாது. பிறகு பல்லேபொல அம்மாவின் குறட்டை, வெளியே பஸ் ஹோர்ன், செல்வராஜ் விரல் சொடுக்குகிற சத்தம் இவற்றைக் கேட்டுக்கொண்டு இருப்பேன். சில நாள் அமைதி வரும், பல நாள் வராது. மனம் புதிதாக வேண்டும் என்று பாஸ்டர் பிரசங்கம் பண்ணும்போதெல்லாம், கிறிஸ்மசுக்கு வெள்ளையடிப்பது மாதிரி ஒரே நாளில் நடக்கிற காரியம் என்று நினைத்திருந்தேன். அது அப்படியில்லை என்பது மட்டும் அந்த நாட்களில் தெரிந்தது.

துண்டு வெட்டி, அதாவது வாட்டிலிருந்து பெயர் எடுத்து, வீட்டுக்கு அனுப்பும்போது மிஸ்ஸி எல்லாம் சொல்லித் தந்தார். சொட்டு மருந்து, கறுப்புக் கண்ணாடி, பாரம் தூக்கக் கூடாது. வாயு தானாகக் கரையும், சில வாரம் எடுக்கும், அதுவரை பிளேனில் போகக் கூடாது. பிளேன் என்றதும் நானும் செல்வராஜும் சிரித்துவிட்டோம். மாத்தளையிலிருந்து கண்டிக்கு பஸ்ஸில் நின்றுகொண்டு வந்த எங்களுக்குப் பிளேனா? ஏன் கூடாது என்று கேட்கவேண்டும் என்று எங்கள் இரண்டு பேருக்குமே தோன்றவில்லை.

வாரங்கள் போகப் போக குமிழி சிறுத்தது. கண்ணுக்குள் ஒரு நீர்மட்டம் தெரிந்தது, தலையை ஆட்டினால் அதுவும் ஆடியது. மட்டத்துக்கு மேலே பார்வை திரும்பி வந்துகொண்டிருந்தது. முதலில் வாசற்கதவின் மேல்விளிம்பு, பிறகு செல்வராஜின் தலைமுடி, பிறகு நெற்றி. அவர் இத்தனை நரைத்திருப்பதை அன்றுதான் கவனித்தேன். அழுகை வந்தது. அழுதால் கண்ணுக்கு ஆகாது என்று அவர் திட்டினார்.

எஸ்தர் அக்கா வந்தார். "சனிக்கிழம மலை ஜெபம் மணி. நெனப்பிருக்கா?"

இருந்தது. அதை நினைத்துத்தான் நானும் அலைபாய்ந்துகொண்டிருந்தேன். கண் வந்துவிட்டது, பொருத்தனை பாக்கி. செல்வராஜ், "குமிழி முழுசாப் போகட்டுமே" என்றார். எனக்குக் கோபம் வந்தது. "ஒங்க கோயில்ல நேத்தி வச்சிட்டு நீங்க கொடுக்காம இருப்பீங்களா?" என்று கேட்டேன். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குப் போனார். டியூபுக்குள் முகம் வைத்துக் கற்றுக்கொண்டதெல்லாம் தலை நிமிர்ந்ததும் எங்கே போயிற்றோ.

வான் வண்டி பிடித்துப் போனோம். டிரைவர் ரிஸ்வி நானா, முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம், மாத்தளை ஆள், எங்கள் குழுவை எப்போதும் ஏற்றிப் போகிறவர். உபவாசம் முடித்துச் சாப்பிட மிக்சர் பக்கற்றுகளை டவுனில் வாங்கினோம். துவண்டு கிடந்த பக்கற்றைப் பார்த்து, "பாதிக்கு மேல ஒண்ணுமே இல்லியே" என்று கடைக்காரரோடு நான்தான் சண்டை போட்டேன். பையை என் மடியில் வைத்துக்கொண்டேன். இரத்தோட்டை வரை கை தட்டிப் பாடினோம். அதற்கு மேல் வளைவுகள் தொடங்கின. தேயிலை போய் ஏலம் வந்தது, ஏலம் போய் மூட்டம் வந்தது.

புருவத்துக்கு மேல் ஒரு நெரிப்பு எடுத்தது. பஸ் மயக்கம் என்று நினைத்தேன். இன்னும் இரண்டு வளைவு ஏறியதும் உள்ளேயிருந்து யாரோ பெருவிரலால் கண்ணைத் தள்ளுகிறது மாதிரி இருந்தது. வாந்தி வந்தது. நிமிர்ந்து பார்த்தேன். நீர்மட்டத்துக்கு மேலே தெளிவாகத் தெரிந்துகொண்டிருந்த பகுதி சாம்பல் நிறமாகிக்கொண்டு வந்தது.

"அக்கா, கண்ணு வலிக்குது. மங்குதுக்கா."

"சத்துரு வேல மணி. கடைசி நேரத்துலதான் தடை பண்ணுவான். எல்லாரும் சத்தமா ஸ்தோத்திரம் பண்ணுங்க!" என்றார் எஸ்தர் அக்கா. வானுக்குள் எல்லோர் குரலும் உயர்ந்தது. வலி தாங்காமல், பழகிய பழக்கத்தில் மடியிலிருந்த பைக்குள் முகத்தைக் குப்புறப் புதைத்தேன். 'பட்' என்று வெடித்தது. மிக்சர் என் மடியிலும் முன் சீற்றிலும் சிதறியது. ஜெபம் ஒரு நொடி நின்றது.

மற்ற பக்கற்றுகளைக் கையால் தடவினேன். எல்லாம் உருண்டு திரண்டு, மேளம் மாதிரி விறைத்திருந்தன. டவுனில் துவண்டு கிடந்த அதே பக்கற்றுகள். மேலே ஏற ஏற உள்ளே இருக்கிற காற்று வீங்குகிறது. ஏன் பிளேனில் போகக் கூடாது என்பது அப்போது விளங்கியது.

"நானா, வண்டியத் திருப்புங்க. கீழ போகணும்."

"என்ன பேசுற நீ? இன்னும் கொஞ்சந்தான். மேல போனா எல்லாம் சரியாப் போயிரும்."

"மேல போகப் போகத்தாங்க்கா கூடுது. இந்தப் பக்கற்றப் பாருங்க. இதே மாதிரி காத்து என் கண்ணுக்குள்ள இருக்கு."

"நீ ஆண்டவருக்குப் பொருத்தன பண்ணினவ மணி. பாதி வழியில திரும்புறதா?"

பயமாகத்தான் இருந்தது. கண் போய்விடுமோ என்று ஒரு பயம், திரும்பினால் தந்ததையும் ஆண்டவர் பறித்துக்கொள்வாரோ என்று இன்னொரு பயம். இரண்டும் என்னைப் பிடித்து ஆளுக்கொரு பக்கம் இழுத்தன. பக்கற்றுக்கு ஒரு நியாயம், என் கண்ணுக்கு ஒரு நியாயமா? வலியோடு அப்படித்தான் நினைத்தேன். டியூபுக்குள் நான் ஒன்றும் கொடுக்காமல், ஒன்றும் கேட்காமல் படுத்திருந்தபோது கூட இருந்த ஆண்டவர், நான் மலை ஏறாததற்காக என் கண்ணைப் பிடுங்குகிறவராக இருந்தால், இத்தனை நாள் நான் காது கொடுத்தது யாருக்கு?

"நான் அவருக்குச் சொன்னத அவர்கிட்டயே சொல்லிக்கிறேன்க்கா. திருப்புங்க நானா."

"எனக்கு மேல போகணும் மணி," என்றார் எஸ்தர் அக்கா. குரல் உடைந்திருந்தது. பிடிவாதம் என்று நினைத்தேன்.

ரிஸ்வி நானா ஏற்கனவே வண்டியைப் பின்னால் எடுக்கத் தொடங்கிவிட்டார். "கண்ணு காரியம் தங்கச்சி. எல்லாரும் புடிச்சிக்கங்க," என்றார். அந்த ஒடுக்கமான வளைவில் அவர் எப்படித் திருப்பினார் என்பதை நான் பார்க்கவில்லை. இறங்க இறங்க வலி குறைந்தது. யாரும் பாடவில்லை.

மாத்தளை டவுனில் செல்வராஜ் ரோட்டோரம் நின்றிருந்தார். போனில் சொல்லியிருந்தோம். ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். அப்படியே கண்டிக்குப் போனோம்.

கண்ணுக்குள் அழுத்தம் ஏறியிருப்பதாக அளந்து சொன்னார்கள். சொட்டு மருந்து, மாத்திரை, நரம்பு வழியாக ஒரு மருந்து. டொக்டர் திட்டித் தீர்த்தார்.

"பிளேன்ல போக வேணாம்னு சொன்னது பிளேனுக்காக இல்ல அம்மா, உயரத்துக்காக! மேல போனா வெளிக்காத்து லேசாகும், உள்ள இருக்கிற வாயு விரியும். இன்னும் கொஞ்சம் மேல போயிருந்தா நரம்புக்கு ரத்தமே போயிருக்காது. யாரு உங்கள இறங்கச் சொன்னது?"

மிக்சர் பக்கற் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. ஆனாலும் சொன்னேன். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு கொப்பியில் எழுதினார்.

திரும்பவும் வாட்டு, திரும்பவும் காத்திருப்பு. பார்வை எவ்வளவு மிஞ்சும் என்று அவர்கள் சொல்லவில்லை. காலையில் செல்வராஜ் விட்ட இடத்திலிருந்து வாசித்தார். ஆண்டவர் மலையில் இருக்கிறார், அங்கிருந்து ஒரு கூடாரம் செய்யச் சொல்கிறார். துணி எத்தனை முழம், எத்தனை கொக்கி, எந்த ஓரத்தில் காது வைப்பது என்று பக்கம் பக்கமாகப் போகிறது. நான் எப்போதும் தாண்டிப் போகிற இடம். தையல்காரியாக அன்று காது கொடுத்துக் கேட்டேன், அளவெல்லாம் சரியாக வந்தது.

"கூடாரம் எதுக்கு மணி? அவருதான் மலையில இருக்காரே?"

"சனங்களுக்கு நடுவுல இருக்கிறதுக்குங்க."

"அப்ப அவரே கீழ எறங்கி வாறாரு," என்றார் செல்வராஜ், ஆணிக் கணக்குக் குரலில். பிறகு அடுத்த வரியை வாசித்தார். நான் கட்டிலில் திரும்பிப் படுத்து, சத்தமில்லாமல் அழுதேன். பொருத்தனையை உடைத்துவிட்டேன் என்ற பயம் அந்தக் காலையில்தான் என்னை விட்டது.

குமிழி பிறகு முழுதாகக் கரைந்தது. விழித்திரை ஒட்டியிருக்கிறது. எழுத்துப் பலகையில் பாதிவரை வாசிக்கிறேன். நேர்க்கோடு நடுவில் கொஞ்சம் நெளிகிறது. ஊசியில் நூலை செல்வராஜ்தான் கோத்துத் தருகிறார், சீருடை முந்தி இருந்த வேகத்தில் முடிவதில்லை. முழுசாக வரவில்லையே என்று சில நாள் எரிச்சலாக வரும். காலையில் உலை வைத்துவிட்டு இப்போது உட்கார்ந்துகொள்கிறேன். அவர் வாசிப்பார், நான் கேட்பேன். அரிசி இரண்டு தரம் அடிப்பிடித்துவிட்டது.

சபையில் சில பேர் நான் விசுவாசத்தில் பின்வாங்கிப்போனேன் என்று பேசினார்கள். எஸ்தர் அக்கா எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை. கோபம் என்று நினைத்து நானும் போகவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் வந்தார். மெஷினுக்கு எதிரே உட்கார்ந்தார். தேத்தண்ணியைக் குடிக்காமல் கோப்பையைத் திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டிருந்தார்.

"மணி, அன்னைக்குத் திருப்பச் சொன்னப்ப ஒனக்குப் பயமா இல்லியா?"

"இருந்துச்சுக்கா. ரொம்ப."

சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, ஒரு கையை மார்பில் வைத்தார். "எனக்கு இங்க ஒரு கட்டி இருக்கு. கிறிஸ்மசுக்கு முந்தியே வந்துருச்சு. ஒவ்வொரு மாசமும் மலைக்குப் போயி இதுக்குத்தான் ஜெபிச்சேன். யாருக்கும் சொல்லல. மத்தவங்களுக்கெல்லாம் எண்ணெ போட்டவ நான், எப்பிடிச் சொல்லுவேன்?"

முந்தைய ஜெபமணியாக இருந்தால் அந்த நொடியே எழும்பி, அவர் தலையில் கை வைத்து, தெருமுனை வரை கேட்கக் கத்தியிருப்பேன். வாய் அதற்குத் திறந்ததும் உண்மைதான். மூடிக்கொண்டேன். அவர் கையைப் பிடித்தேன், சில்லென்று இருந்தது.

"எந்தப் பக்கம்க்கா?"

"எடது."

"வலிக்குதா?"

"இல்ல. பெருசாகுது."

"நாளைக்குக் கண்டி ஆஸ்பத்திரியில இதுக்குக் கிளினிக் இருக்கு. விடியக்கால பஸ்ஸுக்கு வந்துருங்க. நானும் வாறேன், கூடவே இருப்பேன்."

அவர் தலையாட்டினார். எழும்பி வாசல்வரை போனவர் திரும்பிப் பார்த்தார்.

"ஜெபம் பண்ணமாட்டியா மணி?"

"பண்றேன்க்கா," என்றேன். "பஸ்ஸுல ஏறி உக்காந்து பண்ணுவோம்."